செபஸ்தியானோஸ் பஸ்ஸின் ஆறாவது டயர்

டயரின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்த கோரா தரகன் வெகுநேரமாக எழுந்திருக்கவில்லை.

“துப்பு கிடைச்சிருச்சா அச்சாயா, இல்ல முட்டி பிடிச்சுக்கிச்சா?” என்றாள் குல்சு.

“ரெண்டாவது.”

குல்சு என்கிற உம்முகுல்சு கையை நீட்டினாள். அதைப் பிடித்துக்கொண்டு, பழைய அலமாரியை நகர்த்துவதுபோலத் தன்னை நிமிர்த்திக்கொண்டார் கோரா. தரகன் என்பது குடும்பப் பெயர்தான், தொழில் இல்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காகத் தீப்பிடித்த கிடங்குகளையும் தீப்பிடிக்கவைத்த கிடங்குகளையும் பார்த்தே கிழடாகிப்போனவர். இப்போது கோட்டயத்தில் சொந்தமாக விசாரணை நிலையம் வைத்திருக்கிறார். மனிதர்களின் பொய்யில் புதுச்சரக்கு வருவது நின்று பல காலமாகிவிட்டது என்பது அவருடைய மனக்குறை. குல்சு பொன்னானிக்காரி. துணிக்கடையில் பிறந்து, பேரம் பேசியே பல் முளைத்தவள். அவருக்கு உதவியாள் என்று சம்பளச் சீட்டு சொல்லும். அவள் ஒத்துக்கொண்டதில்லை.

தெக்கேமல ரப்பர் வளர்ப்போர் சங்கத்தின் கொட்டகை அது. புகைபோட்ட ரப்பர் ஷீட்டின் வாசனை மூக்கிலேயே குடியேறியது. வெளியே மகரம் என்கிற தை மாசத்து மரங்கள் இலையை எல்லாம் கொட்டிவிட்டு, வாடகை பாக்கிக்காரனைப்போல மொட்டையாக நின்றன.

“இது என் டயரே இல்ல சார். மாத்திட்டாங்க” என்றாள் டாக்டர் லில்லிக்குட்டி.

டாக்டர் என்றால் ஊசி போடுகிறவள் இல்லை. ரப்பர் படித்தவள். சாதாரண டயரைக் கறுப்பாக்குவதும் வலுவாக்குவதும் பெட்ரோலிய எண்ணெயைப் புகையவிட்டு எடுக்கிற கரித்தூள்தான். லில்லிக்குட்டி அதைத் தூக்கி எறிந்தாள். குட்டநாட்டு அரிசி ஆலைகளில் குவியும் உமியை எரித்து, அந்தச் சாம்பலிலிருந்து வெள்ளைப்பொடி பிரித்து, சங்கத்து ரப்பரில் கலந்தாள். வெள்ளை டயர் போட்ட பஸ்ஸில் எவனும் ஏறமாட்டான் என்பதால் கொஞ்சம் கறுப்புச் சாயம் சேர்த்தாள். அப்படி ஆறு டயர் செய்து, வாகமண் மலைக்கு ஓடுகிற ‘விசுத்த செபஸ்தியானோஸ்’ பஸ்ஸில் மழை முடிந்ததும் மாட்டினார்கள். ஐந்து டயர் இன்றுவரை நன்றாக ஓடிக்கொண்டிருக்கிறது. பின்பக்கம், இடது கைப்பக்கம், இரட்டைச் சக்கரத்தில் உள்ளே இருந்த ஆறாவது மட்டும் எலி கடித்த ரொட்டி மாதிரி ஒரு ஓரம் நெடுகப் பிய்ந்து, போன வாரம் மலைப்பாதை நடுவில் வெடித்தது. யாருக்கும் அடி இல்லை. சங்கத்துக்குத்தான் அடி.

“ஒரு துண்டை அறுத்துச் சோதிச்சா தெரிஞ்சுடுமே டாக்டரே? உமியா கரியான்னு” என்றாள் குல்சு.

“என் சோதனைச்சாலைக்குத் தலைவர் பூட்டுப் போட்டுட்டார். நான் சோதிச்சா எனக்கு வேண்டிய பதில்தான் வருமாம். கோட்டயத்துக்கு அனுப்பின துண்டுக்கு அடுத்த வாரம்தான் பதில் வரும். போர்டு கூட்டம் இன்னிக்கு மூணு மணிக்கு.”

சங்கத் தலைவர் சாக்கோச்சன் காலையிலேயே கணக்கைச் சொல்லி முடித்திருந்தார். “தரகன் சாரே, வேணும்னே யாராவது செஞ்சிருந்தா அவன் பேரைச் சொல்லுங்க. போலீஸ்ல குடுத்துட்டு வேலையைத் தொடர்வோம். ஆள் இல்லைன்னா டயர்தான் குத்தவாளி. உமிக் கச்சவடத்தை மூடிட்டுப் பழையபடி கரிக்கே போயிடுவோம். மூணு மணிக்கு எனக்கு ரெண்டுல ஒண்ணு வேணும்.”

“ஆளோ டயரோ, யாராவது ஒருத்தர் உள்ளே போகணும்” என்று குல்சு அப்போதே முணுமுணுத்தாள்.

லில்லிக்குட்டிக்கு ஆள் யாரென்பதில் சந்தேகமே இல்லை. “சதானந்தன். டயர் வார்க்கிற அச்சு இருக்கிற அறைக்கு ரெண்டே சாவி. ஒண்ணு என்கிட்ட, ஒண்ணு அவன்கிட்ட. பார்க்க ஒரே மாதிரி மட்டமான டயர் ஒண்ணை ஊத்தி எடுத்து மாட்டிவிட அவனால முடியும். உமி கலக்கறதுல முதல் நாள்லேர்ந்தே அவனுக்கு இஷ்டம் கிடையாது.”

சதானந்தன் ஆபீஸுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கலவைக் கொட்டகையின் மேஸ்திரி. கொட்டகைக்குள் கால்வைக்கக் கூடாது என்று உத்தரவு. கை நகங்களில் வருஷக்கணக்கான கரி.

“நீங்க செஞ்சீங்களா?” என்று கோரா நேராகக் கேட்டார்.

“இல்லைன்னா நம்பவா போறீங்க?”

“தெரியல. கேட்டு வைக்கறேன்.”

“உமி எதுக்குன்னு சண்டை போட்டேன், நெஜம்தான். சண்டை போடறவன் மூஞ்சிக்கு நேரா போடுவான் சாரே. பஸ்ஸுக்கு அடியில போய்ப் படுத்துக்கிட்டா போடுவான்?” அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். “அந்த டயரெல்லாம் என் கையால கலந்தது. அது பிஞ்சு கிடக்கறதைப் பார்க்க எனக்கு மட்டும் கல்யாணச் சாப்பாடா?”

கோராவுக்கு அவனை நம்பவும் தோன்றவில்லை, நம்பாமலிருக்கவும் தோன்றவில்லை. அப்படிப்பட்ட வயது அவருக்கு வந்துவிட்டது. ஒன்றுமட்டும் கண்ணில் உறுத்தியது. டயரின் பிய்ந்த இடங்கள் ஒரே ஓரத்தில், சாண் சாணாக அளந்து கடித்ததுபோல் இருந்தன. மட்டச்சரக்கு பிய்ந்தால் இஷ்டத்துக்குப் பிய்யும். இவ்வளவு ஒழுக்கமாகப் பிய்யாது.

“பஸ் எங்கே?” என்றார்.

* * *

ஈராற்றுப்பேட்டை ஸ்டாண்டில் செபஸ்தியானோஸ் புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. ஆறாவது டயருக்குப் பதில் கடையில் வாங்கிய சாதாரண டயர் ஒன்று. கண்டக்டர் பாப்பச்சன், கக்கத்தில் தோல் பையோடு, இவர்களைப் பார்த்ததும் சிரிப்பை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டான்.

“டயர் விஷயமாவா? எனக்கென்ன தெரியும் சாரே. டிக்கெட் கிழிக்கறவன் நான். டயர் கிழிஞ்சது டயர் பாடு.”

கயிற்றை இரண்டு முறை இழுத்து மணியடித்துவிட்டு முன்னால் ஓடிப்போனான்.

பின்வாசல் பக்கத்து சீட்டில் கோரா சரிந்தார். டிரைவர் தலைக்கு மேல் மாட்டிய படத்தில் செபஸ்தியானோஸ் புண்ணியாளன் என்கிற புனிதர், மரத்தில் கட்டுண்டு உடம்பெல்லாம் அம்பு தைத்த கோலத்தில், வளைவுக்கு வளைவு ஆடிக்கொண்டிருந்தார். அவர் முகத்திலும் அசதி இருப்பதாகக் கோராவுக்குப் பட்டது.

தீக்கோயி தாண்டியதும் காற்று உலர்ந்து, உதடு வெடிக்கிற குளிராக மாறியது. கோரா கண்ணை மூடவில்லை. இறங்குகிறவர்களின் கைகளைப் பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளிக்கூட டீச்சர் சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு கம்பியைப் பிடித்தாள். தேயிலைத் தோட்டத்து ஆள் தலைத்துண்டை அவிழ்த்துச் சுற்றினான். அடுத்து இறங்கிய பாதிரியார் அங்கியின் நுனியால் பிடித்தார்.

“குல்சு, இந்த ஊர்ல கம்பிக்குக் குஷ்டமா?”

“நானும் பார்த்தேன். நம்ம ரெண்டு பேரும்தான் வெறுங்கையா பிடிச்சிருக்கோம். போறப்ப கை கழுவிக்கலாம்.”

பக்கத்தில் மீன்காரி பெண்ணம்மா, அலுமினிய வட்டாவை மடியில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டுச் சிரித்தாள். “குஷ்டமெல்லாம் இல்ல மோளே. பழக்கம். முன்னாடி புண்ணியாளன் அம்பு விட்டுக்கிட்டிருந்தார்ல.”

“யாரு?”

“செபஸ்தியானோஸ் புண்ணியாளன். அவரு பஸ்ஸுல உட்கார்ந்துக்கிட்டு யாருன்னா கேப்பாங்க?” அவள் கோராவின் பக்கம் திரும்பினாள். “சாரே, தனு மாசம், மார்கழிக் குளிர் வந்துச்சு பாருங்க, அன்னிக்குப் பிடிச்சுச்சு. மலைக்குக் கீழே ஒண்ணும் கிடையாது. மேல வந்து இறங்கறோம், கால் தரையில, கை கம்பியில. சுர்ருன்னு ஒரு அடி! விரல்லேர்ந்து முட்டி வரைக்கும். முதல் நாள் என் வட்டா எகிறிப்போச்சு. மத்தி மீன் முழுக்க ரோட்டுல. வாகமண்ல இருக்கிற பூனைக்கெல்லாம் அன்னிக்குத்தான் பெருநாள்.”

“எல்லாருக்குமா அடிச்சது?”

“மடத்து சிஸ்டர் ஒருத்திக்கு அடிச்சப்ப அவங்க சொன்ன வார்த்தை எந்த ஜெபப் புஸ்தகத்திலயும் இல்ல. முதலாளி புண்ணியாளனுக்கு நேர்ச்சை பாக்கி வெச்சிருக்கான், அதான் அம்பு விடறார்னு பேச்சு கிளம்பிருச்சு. பாதி ஜனம் பின்னால வர்ற மகாலட்சுமி பஸ்ஸுக்குப் போயிட்டாங்க. கிறிஸ்தியானிங்க முழுக்க மகாலட்சுமியில, பாவம் செபஸ்தியானோஸ் காலியா வரும்.”

“இப்ப அடிக்கலையே?”

“பாப்பச்சன் சரி பண்ணிட்டான். அம்பு பெருநாள் அன்னிக்கு, சர்ச்சுலேர்ந்து வீடு வீடா அம்பு எடுத்துட்டுப் போவாங்கல்ல? அதுல ஒண்ணை வாங்கி வந்து பஸ்ஸைச் சுத்தி எழுந்தருளப் பண்ணினான். மறுநாள்லேர்ந்து ஒரு சுர்ரும் கிடையாது. கை மட்டும் நம்ப மாட்டேங்குது.”

டயர் வெடித்தது பெருநாள் முடிந்து பல நாளைக்குப் பிறகு; ஷாக் நின்றதோ பெருநாளோடேயே. கோரா தொலைபேசியை எடுத்தார். மலையில் கிடைத்த ஒரு துளி சிக்னலில் லில்லிக்குட்டி அகப்பட்டாள்.

“டாக்டரே, உங்க டயர் ஷாக் அடிக்குமா?”

அந்தப் பக்கம் பேச்சு இல்லை. சிக்னல் போய்விட்டதோ என்று கோரா திரையைப் பார்த்தார். போகவில்லை.

“உலர்ந்த காத்துல… கொஞ்சம் அடிக்கலாம்” என்றாள் லில்லிக்குட்டி. “பஸ் ஓடறப்ப சேர்ற மின்சாரம் சாதா டயர் வழியா தரைக்கு இறங்கிடும். கரி அதைக் கடத்தும். உமிச்சாம்பல் கடத்தாது. ஆறும் என் டயரா இருந்தா அது பஸ்ஸிலேயே தங்கிடும். ஏன்?”

“பெருநாள் அன்னிலேர்ந்து நின்னுபோச்சாம்.”

“நின்னுபோச்சா?” குரல் துள்ளியது. “சார், அப்போ நான் சொன்னதேதான்! கரி போட்ட டயர் ஒண்ணு நடுவுல வந்திருக்கு. ஒண்ணே போதும், மொத்தத்தையும் இறக்கிடும். அன்னிக்குத்தான் மாத்தியிருக்கான்!”

குல்சு காதை ஒட்டிவைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். “புரிஞ்சுபோச்சு அச்சாயா. ஆறு பேர் ரகசியத்தை வெச்சுக்கிட்டு வாயைப் பொத்தியிருக்காங்க. ஒருத்தன் வாயைத் திறந்தா போதும், ஊருக்கே தெரிஞ்சுடும். ஆறாவது ஆளு உளறுவாயன்.” உடனே பெண்ணம்மாவிடம் திரும்பினாள். “சேச்சி, பெருநாள் அன்னிக்கு பஸ் எங்கே நின்னுச்சு?”

“சர்ச்சுக்குப் பின்னால மைதானத்துல, நாள் முழுக்க.”

“சங்கத்து சதானந்தன் அன்னிக்கு அங்க வந்தாரா?”

“வராம? செண்டை அவன்தானே. வருஷா வருஷம் நம்ம பெருநாளுக்கு அவன் கொட்டினாத்தான் அம்பு நகரும். அன்னிக்கும் பஸ்ஸுக்குப் பக்கத்துல துணி விரிச்சு உட்கார்ந்துதான் செண்டைக்கு வார் இழுத்துக்கிட்டிருந்தான்.”

குல்சு இரண்டு கையையும் தட்டினாள். “முடிஞ்சுது. சாவி இருக்கு, கோபம் இருக்கு, நாள் இருக்கு, பக்கத்துல உட்கார்ந்த சாட்சி இருக்கு. மேல இறங்கினதும் பீஃபும் பொரோட்டாவும், அச்சாயன் செலவு.”

கோராவுக்குப் பசி இருந்தது. மகிழ்ச்சி வரவில்லை. வாய் திறந்து கேட்குமுன்பே விலையைக் குறைக்கிற கடைக்காரனைப் பார்த்தால் அவருடைய பாட்டன் தரகன் சரக்கைத் தொடாமலேயே திரும்பிவிடுவாராம். இந்த வழக்கும் அப்படித்தான் இருந்தது. கேட்கக் கேட்கக் கொடுத்துக்கொண்டே இருந்தது.

“உள் சக்கரம் குல்சு. அதைக் கழட்டணும்னா முதல்ல வெளிச் சக்கரத்தைக் கழட்டணும். ஜாக்கி வெச்சு பஸ்ஸைத் தூக்கணும். பெருநாள் மைதானத்துல, வளையல் கடைக்கும் பலூன்காரனுக்கும் நடுவுல. யாரும் பார்க்கலையா? சேச்சி, அன்னிக்கு பஸ்ஸைத் தூக்கி யாராவது டயர் கழட்டினாங்களா?”

“தூக்கறதா? பஸ்ஸுக்கு மேல ஏறித்தானே எங்க பிள்ளைங்க வாணவேடிக்கை பார்த்துச்சு. தூக்கியிருந்தா உருண்டு விழுந்திருக்கும்” என்றாள் பெண்ணம்மா. “பாப்பச்சனைத் தவிர அந்தப் பக்கம் எவனும் குனியக்கூட இல்ல. அவன் பக்தியைச் சொல்லணும் சாரே. அம்பைச் சுத்திலும் காட்டினது போதாதுன்னு, அதைக் கையில பிடிச்சுக்கிட்டே பஸ்ஸுக்கு அடியில ஊர்ந்து போயிட்டான். வெகுநேரம் கழிச்சுத்தான் வெளியே வந்தான். வெள்ளை வேட்டியெல்லாம் கிரீஸ்.”

கோரா முதல் தடவையாக நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“புண்ணியாளனுக்கு பஸ்ஸுக்கு அடியில என்ன வேலை?”

* * *

வாகமண்ணில் பஸ் காலியாகி நின்றதும் கோரா குனிந்து பார்த்தார். முட்டி ஒத்துழைக்க மறுத்தது. நிமிர்ந்து குல்சுவைப் பார்த்தார்.

“சொல்லாதீங்க. புது சுடிதார் இது” என்றாள் அவள்.

“நான் ஒண்ணும் சொல்லலையே.”

“உங்க முட்டி சொல்லுது.” துப்பட்டாவை அவர் தோளில் போட்டுவிட்டுப் பஸ்ஸுக்கு அடியில் புகுந்தாள். உள்ளிருந்து குரல் மட்டும் வந்தது. “கிரீஸ்… இன்னும் கிரீஸ்… யாரோ மென்னு துப்பின பாக்கு… அச்சாயா, இடது பக்கம், பின் சக்கரத்துக்கு ஒரு முழம் முன்னால, அடிச்சட்டத்துல ஒரு கிளாம்பு முடுக்கியிருக்கு. சட்டமெல்லாம் துரு, கிளாம்பு மட்டும் பளபளன்னு இருக்கு. அதுல ரெண்டு வளையம் தொங்குது. சங்கிலியோட மிச்சம்.”

“சங்கிலி எங்கே போச்சு?”

“அதை என்கிட்ட கேக்காதீங்க. உங்க பின்னால கால் மாத்தி மாத்தி நிக்கறவர்கிட்ட கேளுங்க.”

பாப்பச்சன் நின்றுகொண்டிருந்தான். கக்கத்துப் பை நழுவித் தரையில் விழுந்தது. எடுக்கவில்லை.

“நான் எதையும் கெடுக்கணும்னு செய்யல சாரே.”

“தெரியும்” என்றார் கோரா. பஸ் படியிலேயே உட்கார்ந்துகொண்டார். “உட்காரு. எனக்கு நின்னுக்கிட்டுக் கேக்கத் தெம்பில்ல.”

பாப்பச்சன் உட்கார்ந்தான். “ஜனம் முழுக்க மகாலட்சுமிக்குப் போயிடுச்சு. முதலாளி வண்டியை நிறுத்திடுவேன்னார். நிறுத்திட்டா நானும் டிரைவரும் எங்கே போவோம்? அப்பதான் பெட்ரோல் டேங்கர் ஓட்டற என் மச்சான் சொன்னான். அவங்க லாரியில தரையைத் தொடறாப்பல சங்கிலி தொங்கும்ல, மின்சாரம் இறங்கறதுக்கு. அதே மாதிரி கட்டுடான்னான். பட்டப்பகல்ல பஸ்ஸுக்கு அடியில போனா ஏன்னு கேப்பாங்க. அம்பை எடுத்துக்கிட்டுப் போனா எவனும் கேக்கமாட்டான்.”

“அப்போ புண்ணியாளன் காப்பாத்தினார்னு சொன்னது?” என்று அடியிலிருந்து ஊர்ந்து வந்தபடி குல்சு கேட்டாள்.

“அவருக்கும் மெழுகுவர்த்தி ஏத்தினேன் சேச்சி. ரெண்டுல எது வேலை செஞ்சுதுன்னு யாருக்குத் தெரியும்?” அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். “சங்கிலியைக் கொஞ்சம் நீளமா விட்டுட்டேன். கொண்டை ஊசி வளைவுல அது ஆடிப் போய் உள் டயருக்கு அடியில விழுந்திருக்கு. தினம் தினம் மென்னிருக்கு. வெடிச்சப்புறம்தான் பார்த்தேன். அன்னிக்கே அறுத்துட்டேன்.”

கடைசி சீட்டுக்கு அடியிலிருந்த சாக்கை இழுத்துவந்தான். சங்கிலி கனமானது, முனையில் ஒரு கொக்கி. குல்சு அதைச் சாணில் அளந்தாள். டயரின் பல் தடங்களுக்குச் சொந்தக்காரன் சாக்கிலிருந்து தலையை நீட்டினான்.

டயரை யாரும் மாற்றவில்லை. சதானந்தன் செண்டை மட்டும்தான் அடித்தான். வெடித்தது லில்லிக்குட்டியின் டயரேதான். உமியிலும் குற்றமில்லை. வைரத்தில் செய்திருந்தாலும் அந்தக் கொக்கி அதைக் கடித்திருக்கும்.

“இவ்வளவு பாடு எதுக்கு பாப்பச்சா? ஷாக் அடிக்குதுன்னு சங்கத்துல ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே.”

பாப்பச்சன் அவரை வியப்போடு பார்த்தான்.

“சொல்லாமலா சாரே? டாக்டரம்மாகிட்ட மூணு தடவை போய்ச் சொன்னேன். மூணாவது தடவை கதவைச் சாத்திட்டு, ‘பாப்பச்சா, போகப் போகச் சரியாயிடும், வேற யார்கிட்டயும் மூச்சு விடாதே’ன்னாங்க. சரியாகல. அதுக்கப்புறம்தான் மச்சான்கிட்ட போனேன்.”

குல்சு அளந்துகொண்டிருந்த சங்கிலியைச் சாக்குக்குள் திரும்பப் போட்டாள்.

தொலைபேசியில் கேட்ட அந்த மௌனம் கோராவுக்கு இப்போது புரிந்தது. சிக்னல் எங்கும் போயிருக்கவில்லை. பொரோட்டா சாப்பிடவும் நேரமில்லை.

* * *

சங்க ஆபீஸில் கோரா சாக்கை மேஜைமேல் வைத்ததும் அது சத்தத்தோடு சரிந்தது. லில்லிக்குட்டி சங்கிலியைப் பார்த்தாள், கொக்கியைப் பார்த்தாள். படித்தவள். யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

“பாப்பச்சனா?”

“பாப்பச்சன்தான். ஷாக்கை நிறுத்தறதுக்கு.”

அவள் நாற்காலியில் உட்கார்ந்தாள். “நான் நிஜமாவே சதானந்தன் மாத்திட்டான்னுதான் நெனச்சேன் சார்.”

“நினைக்க வசதியா இருந்துச்சு.”

அவள் மறுக்கவில்லை. கொக்கியைத் திருப்பிப் பார்த்தபடி, தனக்கே சொல்லிக்கொள்வதுபோலப் பேசினாள். “இதுக்கு மருந்து எனக்குத் தெரியாதா? டயரோட நடுவுல விரல் அகலத்துக்குக் கரி ரப்பர் ஒரு கோடு ஓடவிட்டா போதும். மின்சாரம் அது வழியா இறங்கிடும். ஆனா வாங்க வர்ற வெளிநாட்டுக்காரங்க கேக்கறது ஒரே வார்த்தை. கரியே இல்லாத டயர். ஒரு கோடு விழுந்துட்டா அந்த வார்த்தை போச்சு. குளிர் முடிஞ்சா ஷாக்கும் தானா நின்னுடும், அதுக்குள்ள ஒப்பந்தத்துல கையெழுத்து ஆகிடும்னு பார்த்தேன்.”

“அடுத்த வருஷக் குளிருக்கு?”

லில்லிக்குட்டி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று மணி ஆக அதிக நேரமில்லை. பக்கத்து அறையில் நாற்காலிகள் இழுபடுகிற சத்தம் கேட்டது. சாக்கோச்சன் யாரிடமோ, “தரகன் சார் வந்துட்டாரா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

“சங்கிலி கடிச்சுதுன்னு மட்டும் சொன்னா?” என்றாள் லில்லிக்குட்டி மெல்ல.

“சங்கிலி எதுக்குன்னு சாக்கோச்சன் கேப்பார். ரப்பர் வித்தே மீசை நரைச்சவர். பாப்பச்சனுக்கு இன்னொரு பொய் நீங்கதான் கத்துக்குடுக்கணும். அம்பு மாதிரி வேற சாக்கு அவன்கிட்டயும் இல்ல.”

“ஷாக் அடிக்கற டயர்னு தெரிஞ்சா மூடிடுவாங்க.”

“மூடலாம். மூடாமலும் இருக்கலாம். அது எனக்குத் தெரியாது. வெளியே பெஞ்சுல உட்கார்ந்திருக்கிறவன் செய்யலைங்கறது மட்டும் தெரியும்.” கோரா கதவுச் சட்டத்தில் சாய்ந்தார். “என்னைக் கூப்பிட்டது சாக்கோச்சன். அவர் கேட்டா நான் எல்லாத்தையும் சொல்லித்தான் ஆகணும். நீங்க முந்திக்கிட்டா அது உங்க வாயிலேர்ந்து வந்ததா இருக்கும். உங்களுக்கு நான் தரக்கூடிய தள்ளுபடி அவ்வளவுதான்.”

லில்லிக்குட்டி எழுந்தாள். சேலையைச் சரிசெய்தாள். இரண்டு கையாலும் சங்கிலியை அள்ளி எடுத்தாள். அது அவள் நினைத்ததைவிடக் கனமாக இருந்திருக்க வேண்டும். இடுப்பு ஒரு பக்கம் சாய நடந்துபோய், தோளால் போர்டு அறைக் கதவைத் தள்ளினாள்.

வெளியே பெஞ்சில் சதானந்தனுக்குப் பக்கத்தில் கோரா உட்கார்ந்தார். குல்சு எங்கிருந்தோ மூன்று கண்ணாடித் தம்ளரில் பால் விடாத கட்டன் சாயா வாங்கி வந்து ஆளுக்கொன்று கொடுத்தாள்.

“என்ன ஆச்சு?” என்றான் சதானந்தன்.

“நீங்க செய்யல” என்றார் கோரா.

“அது எனக்கு முன்னாடியே தெரியும்.”

“எனக்கு இன்னிக்குத்தான் தெரிஞ்சுது.”

உள்ளே சங்கிலி மேஜைமேல் விழுகிற ஓசை. பிறகு ஒரே குரல், பெண் குரல், வெகுநேரம். திடீரென்று எல்லாரும் ஒரே சமயத்தில் பேச ஆரம்பித்தார்கள். “ஜனத்துக்கு ஷாக்கா?” என்று யாரோ கத்தினார். “அஞ்சு டயர் நல்லா இருக்கே, அதைப் பாரு!” என்று இன்னொருவர் அதைவிட உரக்கக் கத்தினார். அப்புறம் சாக்கோச்சனின் குரல், சந்தையில் கடைசி விலை சொல்கிற அந்தக் குரல்: “கோடு போட்டா எவ்வளவு நாள்ல புது டயர் ஆறு வரும்? அதை மட்டும் சொல்லு. வார்த்தையை வாங்கறவன் போனா போகட்டும், டயரை வாங்கறவனைப் பார்ப்போம்.”

கதவு திறந்தது. லில்லிக்குட்டியின் கண்கள் சிவந்திருந்தன. கையெல்லாம் சங்கிலியின் கிரீஸ். பெஞ்சைப் பார்த்தாள். சொல்லவேண்டியது நிறைய இருந்தது. எதிலிருந்து தொடங்குவதென்று தெரியாமல், கடைசியில் இருந்ததை முதலில் சொன்னாள்.

“சதானந்தன் சேட்டா… உள்ளே கூப்பிடறாங்க. கலவை பத்திக் கேக்கணுமாம்.”

சேட்டன் என்று அவள் அவனை அழைத்து எவ்வளவு காலமாயிற்றோ, அவனுக்குத்தான் தெரியும். அவன் எழுந்திருக்கவில்லை. தம்ளரை உதட்டருகே கொண்டுபோய் ஊதினான்.

“சாயா சூடா இருக்கு டாக்டரே. குடிச்சுட்டு வர்றேன்.”

குல்சு எதையோ சொல்ல வாயெடுத்தாள். கோரா கையால் தடுத்தார்.

லில்லிக்குட்டி தலையசைத்தாள். கதவை முதுகால் பிடித்துக்கொண்டு, உள்ளிருந்து கூப்பிட்ட குரல்களுக்குப் பதில் சொல்லாமல், அவன் குடித்து முடிக்கும்வரை அங்கேயே நின்றாள்.